சிவப்பு சிலிண்டருக்குப் பின்னால் ஒரு கேப்டன்

உங்க ஹாஸ்டல் படிக்கட்டுப் பக்கத்துல ஒரு சிவப்பு சிலிண்டர் மாட்டியிருக்கும். தினமும் நாலு தடவையாவது அதைத் தாண்டித்தான் போவீங்க. உள்ளே இருப்பது தண்ணீரா, பவுடரா, வாயுவா? மேலே இருக்கும் மீட்டரில் முள் பச்சையில் நிற்கிறதா? கடைசியாக அதை எடுத்துப் பார்த்தது யார்? மூணு கேள்விக்கும் பதில் தெரியலைன்னா வெட்கப்பட வேண்டாம். நம்ம காலேஜ்ல பாதிப் பேருக்கு மேல அதே கதைதான். ஆனா அந்த சிலிண்டர் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை அதைச் சும்மா தாண்டிப் போக மனசு வராது.

அதைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வில்லியம் மேன்பி. ஆய்வகத்துல உட்கார்ந்து யோசிச்ச விஞ்ஞானி கிடையாது. இங்கிலாந்தில் ஒரு மீன்பிடிக் கரையில் வேலை பார்த்த ராணுவக்காரர். அவர் கதையைப் படிச்சுட்டு வர்றப்போ, நம்ம பக்கத்து மீன்பிடிக் கரையான பழவேற்காட்டையும் மனசுல வெச்சுக்குங்க. கடைசியில ரெண்டும் ஒரு இடத்துல சந்திக்கும்.

சேர்த்துக்கொள்ளப்படாத பையன்

1765 நவம்பர் 28. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் டென்வர் என்ற சின்ன ஊரில் மேன்பி பிறந்தார். அப்பாவும் ராணுவக்காரர். 17 வயதில், அமெரிக்காவில் நடந்த போருக்குப் போகிறேன் என்று மேன்பி கிளம்பினார். வயசும் பத்தாது, உருவமும் சின்னது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வூல்விச் ராணுவ அகாடமியில் படித்து, உள்ளூர்ப் படையில் கேப்டன் ஆனார்.

பள்ளியில் கடற்படைத் தளபதி நெல்சனோடு ஒன்றாகப் படித்தேன் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதில் பலருக்குச் சந்தேகம். நம்ம கேங்லயும் இப்படி ஒருத்தன் இருப்பான் இல்லையா, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க.

1793-இல் கல்யாணம். அது நல்லபடியாகப் போகவில்லை. மனைவியின் காதலர், கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஓர் அதிகாரி, இவரைத் துப்பாக்கியால் சுட்டார். உயிர் பிழைத்த மேன்பி 1801-இல் மனைவியைப் பிரிந்து, பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் குடியேறி, ஊர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1803-இல் நெப்போலியன் படையெடுத்து வருவான் என்று நாடே பயந்துகொண்டிருந்தபோது அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது போர்த்துறைச் செயலர் கண்ணில் பட்டது. கிரேட் யார்மத் என்ற துறைமுக ஊரில் படைவீரர் குடியிருப்புகளைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. கட்டிடம், கட்டில், விறகு, கணக்கு என்று நம்ம ஹாஸ்டல் வார்டன் பார்க்கிற மாதிரியான வேலை. கடலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அறுபது கஜ தூரம்

யார்மத், ஹெர்ரிங் மீனுக்குப் பேர் போன ஊர். பழவேற்காடு மாதிரியே கிழக்குப் பார்த்த கரை, கரையை ஒட்டி மணல் திட்டுகள். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும்போது, வீட்டு வாசலே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் படகு கவிழும் ஆபத்து உண்டு என்று அங்கே மீனவர்கள் சொல்வார்கள். கரை தெரியும், ஆனா கை எட்டாது. யார்மத்திலும் அதேதான் நடந்தது.

1807 பிப்ரவரி 18. புயலில் ஸ்னைப் என்ற போர்க்கப்பல் கரையிலிருந்து சுமார் 60 கஜ தூரத்தில் தரைதட்டியது. நம்ம பாஸ்கெட்பால் கோர்ட் ரெண்டு சேர்ந்த நீளம்தான். கப்பலில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கரையில் நின்றவர்களுக்குக் கத்துவது கேட்டது. ஒன்றும் செய்ய முடியவில்லை. பலர் மூழ்கிப் போனார்கள். கரையில் நின்ற கூட்டத்தில் மேன்பியும் ஒருவர்.

அன்றைக்கு அங்கே நின்ற எல்லாரும் வருத்தப்பட்டிருப்பார்கள். மேன்பி மட்டும் அந்த வருத்தத்தை ஒரு கேள்வியாக மாற்றினார். அறுபது கஜத்தைத் தாண்டி ஒரு கயிறு போனால் போதுமே, அதை எப்படி அனுப்புவது? இளவயதில் ஊர்த் தேவாலயத்துக்கு மேலே கயிறு கட்டிய குண்டைச் சுட்டுப் பார்த்தது ஞாபகம் வந்தது. சிறிய பீரங்கி ஒன்றை எடுத்து, குண்டில் கயிறு கட்டி, கப்பல் பாய்மரத்தின் மேலே விழும்படி சுட்டார்.

இங்கேதான் இன்ஜினியரிங் ஆரம்பிக்குது. வெடிமருந்துச் சூட்டில் கயிறு எரிந்து அறுந்தது. சங்கிலி போட்டார், அது வெடிக்கிற வேகத்துக்குத் தாங்காமல் ஒடிந்தது. கடைசியில் பதப்படுத்தாத தோலைப் பட்டையாக வெட்டி நெருக்கமாகப் பின்னி, குண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் கட்டினார். அது எரியவும் இல்லை, அறுந்து போகவும் இல்லை. 1808 பிப்ரவரி 12 அன்று எலிசபெத் என்ற கப்பலிலிருந்து 7 பேர் அந்தக் கயிற்றால் கரை சேர்ந்தார்கள். ஸ்னைப் மூழ்கி ஒரு வருஷம் கூட முடியவில்லை. மேன்பி சாவதற்குள் அந்தக் கருவியால் பிழைத்தவர்கள் ஆயிரத்தை நெருங்கினார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

எடின்பரோவில் ஒரு தீ

1813-இல் எடின்பரோ நகரத்துக்குப் போனபோது அங்கே ஒரு கட்டிடம் தீப்பிடித்ததை மேன்பி பார்த்தார். தீயணைப்பு வண்டிகள் வந்தன. மேல் மாடிக்குத் தண்ணீர் எட்டவில்லை. யார்மத் கரையில் பார்த்த அதே காட்சி, கடலுக்குப் பதிலா நெருப்பு. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை.

அவர் யோசனை ரொம்ப எளிமையானது. பெரிய வண்டி வந்து சேர்வதற்குள் தீ பெரிசாகிவிடும். அப்படின்னா, தீ சின்னதா இருக்கும்போதே அங்கே நிற்கிற ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஒரு கருவி வேணும். செம்பில் ஒரு பாத்திரம் செய்தார். அதில் 3 காலன் கரைசல், ஏறத்தாழ நம்ம வீட்டு ஒரு குடம் தண்ணி அளவு. மிச்ச இடத்தில் காற்றை அழுத்தி அடைத்தார். குழாயைத் திறந்தால் அந்தக் காற்றே கரைசலைப் பீய்ச்சி அடிக்கும். பம்ப் அடிக்க ஆள் வேண்டாம். அதற்கு அவர் வைத்த பெயர் எக்ஸ்டிங்க்டர்.

அவருக்கு முன்னால் முயற்சி நடக்காமல் இல்லை. 1723-லேயே லண்டனில் ஆம்புரோஸ் காட்ஃபிரே என்ற வேதியியலாளர் ஒரு பீப்பாயில் திரவத்தையும் உள்ளே கொஞ்சம் வெடிமருந்தையும் வைத்து, வெடித்துச் சிதறித் தீயை அணைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அது ஒரே வெடிப்போடு முடிந்துவிடும். மேன்பியுடையதில்தான் ஒரு ஆள் கையில் பிடித்து, குறிபார்த்து அடிக்க முடிந்தது. உங்க படிக்கட்டுப் பக்கத்து சிலிண்டரில் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டிய அந்த முள் காட்டுவது, மேன்பி செம்புப் பாத்திரத்தில் அடைத்த அதே அழுத்தத்தைத்தான்.

இன்னொரு விஷயம். அவர் ஊற்றியது வெறும் தண்ணீர் இல்லை. பொட்டாசியம் கார்பனேட் கலந்த தண்ணீர். இன்றைக்குப் பெரிய சமையலறைகளில் கொதிக்கும் எண்ணெய்த் தீக்கு வைக்கிற ஈர ரசாயன அணைப்பானிலும் பொட்டாசியம் உப்புகள்தான் இருக்கு. சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கி, மேலே மூடிவிடும். இருநூறு வருஷம் ஆகியும் மேன்பியோட உப்பு ரிட்டயர் ஆகலை.

பழவேற்காட்டுக்கு எது?

மேன்பிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வகையும் ஒரு குறிப்பிட்ட தீயைப் பார்த்துப் பிறந்தது. பாகு எண்ணெய்க் கிணறுகள் எரிவதைப் பார்த்த அலெக்சாண்டர் லோரன் 1904-இல் நுரைக்குக் காப்புரிமை வாங்கினார். டெலிபோன் சுவிட்ச்போர்டுகள் எரிந்தபோது தண்ணீர் ஊற்ற முடியாது என்பதால் 1924-இல் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வந்தது. அதனால எது நல்லதுன்னு கேட்கக்கூடாது. எந்தத் தீக்குன்னு கேட்கணும்.

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் நடந்து போறதா நினைச்சுக்குங்க. கோரைக்குப்பமோ வைரவன்குப்பமோ, எதுவா இருந்தாலும் சரி.

முதலில் கூரை, விறகு, கருவாட்டுக் கூடை, வலை. இது ஏ வகைத் தீ. உள்ளே கங்கு தங்கும், குளிர வைக்கணும். தண்ணீர்தான் சிறந்தது. ஏரியும் கடலும் பக்கத்திலேயே இருக்கு. ஏபிசி பவுடரும் ஜ்வாலையை அடக்கும், ஆனா அதுக்கப்புறம் தண்ணீர் ஊற்றிக் கங்கை அணைக்கலைன்னா திரும்பப் பிடிக்கும். நைலான் வலை உருகி ஒட்டும், அதனால கையால இழுக்காதீங்க. கீற்றுக் கூரை முழுசாப் பிடிச்சுட்டா சிலிண்டரைத் தேடாதீங்க, ஆட்களை வெளியே கூட்டிட்டு வாங்க. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையல் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியதுதான் தொடக்கம். கூரை யாருக்கும் அவகாசம் கொடுக்காது.

அடுத்தது ஃபைபர் படகு. மோட்டார், பக்கத்தில் டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் கேன். இது பி வகை. தண்ணீர் ஊற்றினால் எரிபொருள் மேலே மிதந்து தீயோடு பரவும். நுரையோ உலர் பவுடரோ வேணும். கார்பன் டை ஆக்சைடு இங்கே ஏமாற்றும். கடல் காற்றில் வாயு கலைந்து போயிடும், தீ மறுபடி எழும். படகே பிசினால் ஆனது, அதுவும் எரியும். முதல் வேலை எரிபொருள் குழாயை மூடுவது, அப்புறம்தான் சிலிண்டர். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மூடியுள்ள பெட்டியில் வைங்க, அதுவும் மோட்டாருக்குப் பக்கத்தில் வேண்டாம். தீப்பிடிக்கிற இடத்துக்குள்ளேயே அணைப்பானை வெச்சா எப்படி எடுப்பீங்க?

வீட்டுக்குள்ளே காஸ் அடுப்பு. இது சி வகை. ரெகுலேட்டரை மூட முடிஞ்சா மூடுங்க, தீ தானா அணையும். மூட முடியலைன்னா, ஜ்வாலையை மட்டும் அணைச்சுட்டு நிற்காதீங்க. காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். எல்லாரும் வெளியே வந்து 101 அல்லது 112 கூப்பிடுங்க. வாணலியில் எண்ணெய் தீப்பிடிச்சா அடுப்பை அணைச்சு மூடியைப் போட்டு மூடுங்க. தண்ணீர் ஊற்றினா அது எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகும். ஆயிரத்து எழுநூறு மடங்கு வரை விரிஞ்சு, எரியுற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும்.

கடைசியா, ஏலக்கூடத்து சுவிட்ச் பெட்டி, உங்க ஹாஸ்டல் கம்ப்யூட்டர் லேப். மெயினை அணைங்க. அப்புறம் கார்பன் டை ஆக்சைடு. பவுடரும் அணைக்கும், ஆனா கருவிகளை அரிச்சுடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் கொம்பு மாதிரி வாயைக் கையால் பிடிக்காதீங்க, உறைகுளிரில் தோல் புண்ணாகும். சின்ன மூடிய அறையில் அடிச்சுட்டு உள்ளேயே நிற்காதீங்க, அது உங்க மூச்சையும் அணைக்கும்.

எல்லாத்துக்கும் ஒரே முறைதான். முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்கணும், வெளியிடமாக இருந்தால் காற்றும் முதுகுப் பக்கம் இருக்கணும். ஊசியை இழுங்க, தீயின் அடியைக் குறிபாருங்க, கைப்பிடியை அழுத்துங்க, இடம் வலமாக வீசுங்க. சாதாரண பவுடர் சிலிண்டர் அரை நிமிஷத்துக்குள்ள காலி. அதுக்குள்ள அணையலைன்னா அது உங்க வேலை இல்லை, கிளம்புங்க.

மேன்பி தோற்ற இடம்

இனி அவர் வாழ்க்கையின் மறுபக்கம். மூழ்காத படகு ஒன்றைச் செய்து யார்மத்தில் சோதித்துக் காட்ட அழைத்தார். அதை ஓட்டிய கரையோர ஆட்களே அதைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். உடைந்த கப்பலின் சரக்கை மீட்பது அவர்கள் பிழைப்பு. அந்தப் பிழைப்பைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. 1821-இல், திமிங்கில வேட்டைக்குப் புது ஈட்டி செய்து, வில்லியம் ஸ்கோர்ஸ்பியின் கப்பலில் கிரீன்லாந்து வரை போனார். மாலுமிகளுக்கு அது பிடிக்கவில்லை, ஒத்துழைக்கவில்லை. கருவி நல்லதா கெட்டதா என்பதே தெரியாமல் போனது.

கவனிச்சீங்களா? பொருளைச் செய்வதில் மேன்பி கெட்டிக்காரர். அதைப் பயன்படுத்த வேண்டிய மனிதர்களைக் கூடச் சேர்த்துக்கொள்வதில் கோட்டை விட்டார். 1831-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், தங்கப் பதக்கங்களும் வாங்கினார். ஆனா பணக் கஷ்டம் கடைசி வரை விடவில்லை. வயதான காலத்தில் வீட்டை நெல்சன் நினைவுப் பொருள்களால் நிரப்பி, அருங்காட்சியகமாக்கிவிட்டு, தான் கீழறையில் வாழ்ந்தார். 1854 நவம்பர் 18 அன்று, 89-ஆவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னால் இறந்தார். ஹில்கே ஊர்த் தேவாலயச் சுவரில் அவருக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த மரியாதையைப் பொதுமக்கள்தான் செய்திருக்க வேண்டும் என்ற ஆதங்கத்தோடு அது முடிகிறது.

பாடு

இப்போ பழவேற்காட்டுக்கு வருவோம். மேன்பியிடம் இல்லாத ஒன்று அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கு. அதுக்குப் பேர் பாடு. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. எந்த நாள், எந்த இடம், யார் முறை என்று ஊரே கூடி சீட்டுப் போட்டு முடிவு செய்யும். முறை வந்தவர் போவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஒரு இடம் எல்லாருக்கும் பொது, ஆனா அன்றைக்கு ஒருவர் பொறுப்பு.

ஒரு தீயணைப்பான் செத்துப்போவது தீயில் இல்லை, பொறுப்பில்லாமையில். எல்லாருக்கும் பொதுவாக இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அழுத்தம் இறங்கும், பவுடர் கட்டிதட்டும், குழாயில் பூச்சி கூடு கட்டும். தேவைப்படுகிற நாளில் அது வெறும் சிவப்பு டப்பா. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பக்கமிருந்து வண்டி கிளம்பினால்கூட முதல் ஐந்து நிமிஷம் குப்பத்துக்காரர்களுடையது. உங்க ஹாஸ்டலிலும் அப்படித்தான்.

கேம்ப்புக்குப் போய் சிலிண்டர் கொடுத்து போட்டோ எடுத்துட்டு வந்தா நாமும் மேன்பி செய்த தப்பையே செய்யுறோம். யார் முறை, எந்த வாரம் என்று அந்த ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் வழக்கத்திலேயே ஒரு முறை வைக்கச் சொல்லணும். நீங்களும் அவங்ககிட்ட கத்துக்கிட்டு வந்து உங்க மாடியில ஒரு பாடு வைங்க. மாசத்துக்கு ஒரு அறை. அந்த மாசம் முள் பச்சையில் இருக்கா, ஊசியும் சீலும் இருக்கா, குழாய் விரிசல் இல்லையா, முன்னால சைக்கிள் நிறுத்தி மறைச்சிருக்கா, ரீஃபில் தேதி தாண்டிடுச்சான்னு பார்ப்பது அவங்க வேலை. கார்பன் டை ஆக்சைடுக்கு முள் இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்கணும், அதை ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை.

அன்றைக்கு யார்மத் கரையில் நின்ற கூட்டத்தில் யாருக்கும் அது தன் வேலை என்று எழுதித் தரப்படவில்லை. குடியிருப்புக் கணக்குப் பார்க்கிற ஒருவர்தான் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். இன்னைக்கு ராத்திரி மெஸ்ஸுக்குப் போகும்போது படிக்கட்டுப் பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்க. முதல் மாசம் உங்க அறையோட முறையா இருக்கட்டும்.